ஓட்டக்காரர்தான் சீக்கிரம் சோர்கிறாரா? ஆறு முறை 35 மீட்டர் ஓடவிட்ட ஒரு மாணவிக்கு விரிவான பதில்

கேள்வி, வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி முதுகலை படிக்கும் மாணவியிடமிருந்து வந்தது. தடகளம், கால்பந்து, கபடி, வாலிபால் அணிகளிலிருந்து பையன்களை எடுத்து, 35 மீட்டரை ஆறு முறை முழு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே 10 வினாடி ஓய்வு. கணக்குப் போட்டால் சோர்வுக் குறியீட்டில் 100 மீட்டர் ஓட்டக்காரர்கள்தான் மோசம், கால்பந்துக்காரர்கள் நல்ல நிலை. "அப்போ ஓட்டக்காரர்களுக்கு ஸ்டாமினா இல்லைன்னு ஆய்வேட்டில் முடிவு எழுதலாமா சார்? காலேஜிலேயே வேகமான தம்பி இந்த லிஸ்டில் கடைசி. எல்லோரும் கிண்டல் செய்ததில் அவன் பிராக்டிஸுக்கே வரமாட்டேங்கிறான்" என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம் அம்மா, அப்படி எழுதிவிடாதீர்கள். நீங்கள் ஓடவிட்டதில் பெரிய தப்பு இல்லை. வந்த எண்ணைப் படித்த விதத்தில்தான் சிக்கல். வேலூர், காட்பாடி பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளை இருபது வருஷத்துக்கு மேலாக ஓடவிட்டுக்கொண்டிருக்கிறேன். இதே எண்ணை இதே மாதிரி படித்து ஒரு பையனை நான் நோகடித்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நீங்கள் அனுப்பிய இரண்டு பேருடைய நேரத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஓட்டக்காரத் தம்பி ஆறு ஓட்டத்துக்கும் எடுத்துக்கொண்டது 4.50, 4.65, 4.85, 5.05, 5.20, 5.35 வினாடி. கால்பந்துத் தம்பி 4.85, 4.90, 4.95, 5.05, 5.10, 5.15. இருவருக்கும் எடை 65 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள், கணக்குக்கு அது வசதி.

நீங்கள் செய்த சோதனைக்கு ராஸ்ட் என்று பெயர். இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. எடையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நேரத்தின் கனத்தால் (நேரம் × நேரம் × நேரம்) வகுத்தால் அந்த ஓட்டத்தின் திறன் வாட் கணக்கில் கிடைக்கும். ஆறில் அதிகமானதிலிருந்து குறைவானதைக் கழித்து, ஆறு ஓட்டத்தின் மொத்த நேரத்தால் வகுத்தால் வருவது சோர்வுக் குறியீடு. ஓட்டக்காரர் 874 வாட்டில் ஆரம்பித்து 520-ல் முடித்திருக்கிறார், குறியீடு கிட்டத்தட்ட 12. கால்பந்துக்காரர் 698-ல் ஆரம்பித்து 583-ல் முடித்திருக்கிறார், குறியீடு 3.8. இதைப் பார்த்ததும் முன்னவர் மூன்று மடங்கு சோர்ந்துவிட்டார் என்று தோன்றுகிறது. கிண்டலும் அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

இப்போது ஆறு நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். ஓட்டக்காரருக்கு 29.60 வினாடி. கால்பந்துக்காரருக்கு 30.00. அதாவது "ஸ்டாமினா இல்லாத" தம்பிதான் அந்த 210 மீட்டரையும் குறைந்த நேரத்தில் ஓடி முடித்திருக்கிறார். நான்காவது ஓட்டம் முடியும்போது 0.70 வினாடி முன்னால் இருந்தார். ஐந்திலும் ஆறிலும் கால்பந்துக்காரர் வேகமாக ஓடியது உண்மை, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அதில் மீண்டது 0.30 வினாடிதான்.

மாடிக்கு ஏறியவன்தான் படி இறங்க முடியும். முதல் ஓட்டத்தில் உச்சத்தைத் தொட்டவனுக்குத்தான் விழுவதற்கு உயரம் இருக்கிறது. சோர்வுக் குறியீடு விழுந்த ஆழத்தை மட்டும் சொல்கிறது, எந்த உயரத்திலிருந்து என்பதைச் சொல்வதில்லை. அதனால்தான் அதைத் தனியாக எடுத்து இரண்டு விளையாட்டுக்காரர்களை ஒப்பிடக் கூடாது என்கிறேன்.

ஏன் இப்படி விழுகிறது? தசைக்குள் கிரியேட்டின் பாஸ்பேட் என்று ஒரு கையிருப்பு உண்டு. அம்மாக்கள் அவசரத்துக்கு அரிசிப் பானையில் போட்டுவைக்கிற பணம் மாதிரி. உடனே எடுக்கலாம், ஆனால் கொஞ்சம்தான் இருக்கும். முழு வேக ஓட்டத்தில் சில வினாடிகளிலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். பாதி திரும்பி நிரம்பவே அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் ஆகும். முழுக்க நிரம்பச் சில நிமிடங்கள் வேண்டும். நீங்கள் கொடுத்ததோ 10 வினாடி. அடுத்த வழி, தசையில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜனை ஆக்சிஜன் இல்லாமலே வேகமாக உடைப்பது. வேகமாகச் சுருங்கும் தசை இழை, அதாவது வேக இழை, அதிகமுள்ள ஓட்டக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். அதே வேகத்தில் கழிவும் சேர்வதால் தசையின் சுருங்கும் வலு குறைகிறது. மூன்றாவது வழி மூச்சு வழியே வரும் ஆக்சிஜன். மெதுவாகத்தான் வரும், ஆனால் நிற்காமல் வரும். ஓட்டத்துக்கு நடுவே அரிசிப் பானையை நிரப்புவதும் இதுதான்.

1993-ல் கைட்டனோஸ் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வை உங்கள் ஆய்வேட்டில் கட்டாயம் பேச வேண்டும். 6 வினாடி சைக்கிள் ஸ்பிரின்ட், பத்து முறை, நடுவே 30 வினாடி ஓய்வு. முதல் ஸ்பிரின்டில் ஆக்சிஜன் இல்லாமல் கிடைத்த சக்தியில் 44 சதவீதம் கிளைக்கோஜன் உடைப்பிலிருந்து வந்தது. பத்தாவதில் அது 16 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. அப்படியும் சராசரித் திறன் 27 சதவீதம்தான் குறைந்தது. மிச்சத்தைத் தாங்கியது கிரியேட்டின் பாஸ்பேட்டும் ஆக்சிஜனும். உங்கள் கால்பந்துத் தம்பியின் சமமான நேரங்களுக்குப் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் இந்த மூச்சு வழிதான். ஓட்டக்காரருடைய முதல் 4.50 வினாடிக்குப் பின்னால் இருப்பது வேக இழையும் கிளைக்கோஜனும். ஒருவர் உடம்பு மட்டம் என்றோ இன்னொருவர் உடம்பு உசத்தி என்றோ இதற்கு அர்த்தமில்லை. அவரவர் வருஷக்கணக்காகச் செய்த பயிற்சிக்கு அவரவர் உடம்பு சொல்லும் பதில் இது.

தொழில்முறைக் கால்பந்தில் ஓர் ஆட்டக்காரர் 90 நிமிடத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். முழு வேக ஓட்டம் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வினாடிதான். நடுவே நடை, மெல்லோட்டம், நிற்றல். மூச்சு வழி பலப்படாமல் அந்த ஆட்டத்தில் பிழைக்கவே முடியாது. 100 மீட்டர்க்காரருக்கு அப்படியில்லை. ஒரே ஓட்டம், அத்தோடு முடிந்தது. அதிலும் சோர்வு உண்டு. 2009 பெர்லினில் உசைன் போல்ட் 9.58 ஓடியபோது, 60-லிருந்து 80 மீட்டர் வரை 1.61 வினாடி, கடைசி 20 மீட்டருக்கு 1.66 வினாடி. உலகத்திலேயே வேகமான மனிதரும் கடைசியில் கொஞ்சம் இறங்கித்தான் முடித்தார். அவரை யாரும் ஸ்டாமினா இல்லாதவர் என்று சொல்லவில்லை.

கபடிக்கு வருகிறேன். உங்கள் அட்டவணையில் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து எதிரணியின் கடைக்கோடு வரை 6.5 மீட்டர்தான். பாடிப் போகிற பையன் ஒருபோதும் 35 மீட்டர் நேராக ஓடுவதில்லை. அவன் வேலை வேறு. பாட்டு அறுந்துபோகாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அடியெடுத்து, ஒரு நொடியில் கால் நீட்டித் தொட்டு, நடுக்கோட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டும். பிடிபட்டால் நாலு பேரைச் சேர்த்து இழுக்க வேண்டும். எல்லாம் 30 வினாடிக்குள். அவனை 35 மீட்டர் ஓடவிட்டு "வேகம் குறைவு, சோர்வு நடுத்தரம்" என்று எழுதினால், அவன் ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமே சொன்னதாகாது. அவன் உடம்புக்குப் பழக்கமில்லாத உச்ச வேகத்தில் ஆறு முறை ஓடவிட்டால் தொடையின் பின்தசை இழுத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. வாலிபாலுக்கும் இதே கதைதான். ஒரு பக்கம் 9 மீட்டருக்கு 9 மீட்டர். அங்கே சோர்வைப் பார்க்க வேண்டுமானால் எத்தனையாவது குதியில் உயரம் குறைகிறது என்று பாருங்கள்.

ஐந்து பத்து மீட்டரையும் தனியாக அளந்திருந்தால் படமே மாறியிருக்கும். வேலூர் சத்துவாச்சாரி பளுதூக்கலுக்குப் பெயர்போன ஊர். 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்ட்டிலும் காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் அந்த ஊர்க்காரர்தான். பளுதூக்குகிற பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் ஐந்து மீட்டரில் அவர்களைத் தாண்டுவது லேசில்லை, பூமியை உதைத்துக் கிளம்புகிற பலம் அப்படி. இருபது மீட்டருக்கு மேல் ஓட்டக்காரர் வந்து கடந்துபோவார். எந்தத் தூரத்தை அளக்கிறீர்கள் என்பதிலேயே யார் ஜெயிப்பார் என்ற முடிவில் பாதி அடங்கியிருக்கிறது.

அடுத்தது ஸ்டாப்வாட்ச். திறன் கணக்கில் நேரத்தின் கனம் வருகிறது என்றேன். அதன் விளைவைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 4.8 வினாடியில் ஓடினால் 775 வாட். அதையே கை தவறி 5.0 என்று அழுத்திவிட்டால் 686 வாட். கட்டைவிரல் தாமதம் 0.2 வினாடி, ஆளுடைய திறனில் 89 வாட் காணாமல் போகிறது! உங்கள் அணிகளுக்கு நடுவே இருக்கிற வித்தியாசமே சில இடங்களில் இவ்வளவுதான். போட்டிகளில் கைக்கடிகார நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100 மீட்டருக்கு 0.24 வினாடி சேர்ப்பது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். துப்பாக்கிச் சத்தத்துக்குக் கடிகாரத்தை அழுத்துவதில் கை அவ்வளவு பிந்துகிறது.

ஆள் கோட்டைக் கடந்ததும் தானாக நேரம் பதியும் டைமிங் கேட் கருவி வாங்க வசதியில்லை என்றால் கவலைப்படாதீர்கள். இப்போது நிறையப் பேர் கையிலுள்ள போனில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருக்கிறது. ஆரம்பக் கோட்டில் ஒன்று, முடிவுக் கோட்டில் ஒன்று, ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டுக்கும் ஒரே கைத்தட்டல் சத்தம் பதியும்படி வையுங்கள். நெஞ்சு கோட்டைக் கடக்கிற படத்தை எண்ணினால் நல்ல நேரம் கிடைத்துவிடும். கைக்கடிகாரம்தான் கதி என்றால் எல்லா அணிக்கும் ஒரே ஆள் அழுத்தட்டும். கால்பந்துக்கு ஒருவர், கபடிக்கு வேறொருவர் என்று வேண்டாம்.

எடையையும் கவனியுங்கள். 80 கிலோ கபடி வீரர் 5.0 வினாடியில் ஓடினால் 784 வாட். 60 கிலோ ஓட்டக்காரர் 4.7-ல் ஓடினால் 708 வாட். கபடி வீரருக்குத் திறன் அதிகம் என்று அட்டவணை சொல்லும். கிலோவுக்கு வகுத்தால் 9.8, 11.8 என்று தலைகீழாகிவிடும். இரண்டையும் போடுங்கள், எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள்.

இனி யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம்: சேமித்து ஓடுவது. ஆறு ஓட்டம் என்று முன்னாலேயே தெரிந்தால் கால்பந்து, ஹாக்கி விளையாடுகிற பிள்ளைகள் தங்களை அறியாமலே முதல் ஓட்டத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்வார்கள். 90 நிமிடம் ஆடிப் பழகிய உடம்பு அப்படி. முதல் ஓட்டத்தில் மெதுவாகப் போனவருக்குச் சோர்வுக் குறியீடு அழகாக வரும். இதைப் பிடிக்க வழி இருக்கிறது. சோதனைக்கு முன்னால் நல்ல வார்ம் அப் கொடுத்து ஒரே ஒரு 35 மீட்டர் ஓடவிடுங்கள், அதன்பின் ஐந்து நிமிடம் ஓய்வு. சோதனையின் முதல் ஓட்டம் அந்தத் தனி ஓட்டத்தின் வேகத்தில் 95 சதவீதமாவது இல்லையென்றால் நிறுத்தி, ஓய்வு கொடுத்து, மறுபடி ஆரம்பியுங்கள். உங்கள் கால்பந்துத் தம்பியின் 4.85 நிஜமான உச்சமா, சேமிப்பா என்பது இப்போது உங்கள் தாளிலிருந்து தெரியாது.

காதையும் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மண் டிராக்கில் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்பேன். முழு மூச்சாக ஓடுகிறவனுடைய முதல் இரண்டு ஓட்டத்தில் பாதம் படுகிற சத்தமே கேட்காது, ஸ்பைக்ஸ் மண்ணைக் கீறுகிற சர் சர் மட்டும்தான். நான்காவது ஓட்டத்தில் இடுப்பு ஒரு விரலளவு இறங்கும். ஐந்தாவதில் குதிகால் முந்திக்கொண்டு தப்புத் தப்பென்று அறையும், தோள் காதை நோக்கி ஏறும், கை குறுக்கே வீச ஆரம்பிக்கும். ஆறு ஓட்டமும் ஒரே சத்தம் வந்தால் அவன் மிச்சம் வைத்துத்தான் ஓடுகிறான்.

நம் ஊர் வெயிலைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. கத்திரியில் வேலூர் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். தசை சூடானால் ஒற்றை ஓட்டத்தில் வேகம் கூடும். உள்ளுடம்பே கொதித்துவிட்டால் திரும்பத் திரும்ப ஓடுவதில் அடி விழும். ஆக ஓட்டக்காரர்களைக் காலை ஆறு மணிக்கும் கபடி அணியைச் சாயங்காலம் நாலு மணிக்கும் ஓடவிட்டிருந்தால், நீங்கள் ஒப்பிட்டது காலையையும் மாலையையும். ஜோலார்பேட்டை, வாணியம்பாடி பக்கமிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து வெறும் வயிற்றோடு வருகிற பையனும், ஹாஸ்டலில் ஏழு மணி வரை தூங்கிவிட்டு இட்லி சாப்பிட்டு வருகிற பையனும் ஒரே நிலையில் கோட்டில் நிற்பதில்லை. என்ன சாப்பிட்டார், எத்தனை மணி தூங்கினார், முந்தின நாள் மேட்ச் ஆடினாரா என்று மூன்று கேள்வி எழுதிவையுங்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். உடல் எடையில் 2 சதவீதம் வியர்வையாகப் போயிருந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்காரவைத்துவிடுங்கள். டிகிரி வாங்க ஒரு பிள்ளையை மயங்கி விழவைக்கக் கூடாது.

லாக்டிக் அமிலத்தைப் பற்றி ஒரு வரி. மறுநாள் தொடை வலிப்பதற்கு அதைக் காரணமாக எழுதியிருக்கிறீர்கள், எடுத்துவிடுங்கள். ஓடி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் வலி, தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது.

புள்ளியியலில் ஒருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வோடு நிறுத்தியிருக்கிறீர்கள். அணிகளுக்கு நடுவே வித்தியாசம் இருக்கிறதா என்று அது சொல்லும், ஏன் என்று சொல்லாது. சிறந்த ஒற்றை ஓட்ட நேரத்தை இணைமாறியாக வைத்து, அதாவது அதன் பங்கைக் கழித்துவிட்டு, மறுபடி போட்டுப் பாருங்கள். சோர்வு வித்தியாசத்தில் எவ்வளவு வெறும் வேக வித்தியாசம் என்பது அப்போது பிரிந்து தெரியும். கால்பந்து அணியில் கோல்கீப்பரையும் விங்கரையும் ஒரே சராசரியில் கலக்காதீர்கள். முடிவு அட்டவணையில் சிறந்த நேரம், மொத்த நேரம், சரிவுச் சதவீதம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். மொத்த நேரத்தை, சிறந்த நேரத்தின் ஆறு மடங்கால் வகுத்து, ஒன்றுக்கு மேல் வருவதைச் சதவீதமாக்கினால் சரிவு தெரியும். ஓட்டக்காரத் தம்பிக்கு 29.60-ஐ 27.00-ஆல் வகுக்க 1.096, அதாவது 9.6 சதவீதம் வரும், கால்பந்துத் தம்பிக்கு 3.1. மூன்றில் நம்பகமானவை முதல் இரண்டும்தான். சோர்வைக் காட்டும் எண்கள் அதே ஆளை அடுத்த வாரம் ஓடவிட்டால்கூடக் கணிசமாக மாறும்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன் என்றேனே. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு 4×100 ரிலே அணி எடுக்க வேண்டியிருந்தது. குடியாத்தம் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன், கிளம்பினால் புயல். ஆறு ஓட்டச் சோதனையில் கடைசியில் துவண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். எண்ணைப் பார்த்தேன், அவனை விட்டுவிட்டு, சரியாமல் சமமாக ஓடிய ஒருவனைச் சேர்த்தேன். ரிலேயில் ஒவ்வொருவரும் ஓடப்போவது ஒரே ஒரு முறை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. நாலாவதாக வந்தோம். அந்தப் பையன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருஷம் அவன் தடகளத்துக்கே வரவில்லை. இன்றைக்கும் ஸ்டாப்வாட்சைக் கையிலெடுத்தால் எனக்கு அவன் ஞாபகம் வரும்.

அதனால் ஆய்வேட்டைத் திருத்துவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஓட்டக்காரத் தம்பியின் வீடு தெரிந்தால் நேரில் போங்கள், இல்லையென்றால் போன் போடுங்கள். அந்த ஆறு எண்களை அவனையே கூட்டச் சொல்லுங்கள். 29.60 என்று அவன் வாயாலேயே வரட்டும். கால்பந்துத் தம்பியின் 30.00-ஐ அப்புறம் சொல்லுங்கள்.